காலையில் மட்டும் மிஸ் அடிக்கும் இன்ஜின்

பெட்ரோல் கார் ஒன்று உதறிக்கொண்டு ஓடினால், அதற்கான காரணத்தைத் தேடுவதற்கு மிகப் பொருத்தமான இடம் அந்தக் கார் இரவெல்லாம் நின்றிருந்த வீட்டு வாசல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒர்க்‌ஷாப்பில் உள்ள கருவிகளும் கைப்பழக்கமும் வீட்டில் இல்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்புக்கு அரிதாகவே வாய்க்கும் ஒன்று வீட்டில் தினமும் கிடைக்கிறது. இரவு முழுவதும் ஆறிக் கிடந்த இன்ஜின். முதல் சில நிமிடங்களில் மட்டும் தலைகாட்டும் கோளாறு, காரை ஓட்டிச் சென்று மெக்கானிக்கின் முன் நிறுத்துவதற்குள் சூட்டில் மறைந்துவிடுகிறது. "இங்க வரும்போது வண்டி நல்லாத்தான் சார் ஓடுது" என்று அவர் சொல்வதில் பொய் ஏதும் இல்லை. அவர் கண்முன் நிற்கும் கார் அந்த நேரத்தில் உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடுகிறது. பார்க்க முடியாத கோளாறைச் சரிசெய்யச் சொன்னால், அனுபவத்தில் அடிக்கடி கெட்டுப்போகும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர அவருக்கும் வேறு வழி இருப்பதில்லை.

எங்களுடையது பத்து ஆண்டுகளை நெருங்கும், நான்கு சிலிண்டர் கொண்ட 1.2 லிட்டர் பெட்ரோல் கார். சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் அது உதறத் தொடங்கியது. ஸ்டியரிங்கும் இருக்கையும் ஒரே தாளத்தில் குலுங்கின; சைலன்சரில் இருந்து வரும் காற்று சீராக வராமல், இடையிடையே ஒன்று விடுபட்டு விடுபட்டு வந்தது; மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திணறியது. இன்ஜின் சூடேறியதும் இவை அனைத்தும் நின்றுவிட்டன. மழையில்லாத காலைகளில் அறிகுறி லேசாகவும், இரவெல்லாம் மழை பெய்த காலைகளில் கடுமையாகவும் இருந்தது. எப்போது வருகிறது, எப்போது போகிறது, எந்த நிலையில் மோசமாகிறது என்ற மூன்றையும் எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டேன். பின்னால் செய்த சோதனைகள் சொன்னவற்றில் பெரும்பகுதி அந்தக் குறிப்பிலேயே இருந்தது.

உதறல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கணக்காகப் புரிந்துகொள்வது நல்லது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிகிறது. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இருக்கும்போது, இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றுகள் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 7 முறை எரியும். நான்கும் சேர்ந்து விநாடிக்கு ஏறத்தாழ 27 முறை எரியும். விநாடிக்கு 27 என்ற வேகத்தில் சமமாக வரும் சிறு தள்ளல்களை இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர்கள் விழுங்கிவிடுகின்றன. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், விநாடிக்கு 7 முறை ஒரு பள்ளம் விழுகிறது. அந்த மெதுவான அதிர்வை மவுன்ட் ரப்பரால் தாங்க முடியாது. உடலும் அதைத் தெளிவாக உணர்கிறது. எனவே தாளம் தவறாமல் வரும் உதறல் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டரைச் சுட்டுகிறது. தாளமே இல்லாமல், சற்று நேரம் ஒழுங்காகவும் சற்று நேரம் தடுமாறியும் ஓடினால், எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஒன்றை, அதாவது காற்றுக் கசிவையோ பெட்ரோல் அழுத்தத்தையோ சந்தேகிக்க வேண்டும். ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால், இன்ஜின் ஒழுங்காக எரிகிறது என்றும் மவுன்ட்தான் தளர்ந்திருக்கிறது என்றும் கருத இடமுண்டு.

எங்கள் காரில் தாளம் தெளிவாக இருந்தது. ஆகவே நான் விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: எந்தச் சிலிண்டர், அது ஏன் எரியவில்லை. இவற்றுக்கு விடை கிடைக்கும் வரை ஒரு பாகத்தையும் விலைக்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். இந்த ஒழுங்கை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மிஸ்ஸிங் (சிலிண்டர் எரியாமல் விடுபடுவது) என்று சொன்னவுடன் பொறியைத் தரும் பிளக், பிறகு அதற்கு உயர் அழுத்த மின்சாரம் தரும் காயில், பிறகு பெட்ரோல் பம்ப், பிறகு சென்சார் என்று வரிசையாக மாற்றிப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகும் அதே உதறலோடு ஓடும் கார்களை எங்கள் குடியிருப்பிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பாகங்களில் பல நல்ல நிலையில் இருந்தவை என்பதுதான் வருத்தம்.

இப்போது யாரிடம் மிஸ்ஸிங் என்று சொன்னாலும், 2023-ல் விற்பனைக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் முதலில் குற்றம் சொல்கிறார்கள். எத்தனாலுக்கு எதிராகச் சொல்ல நியாயமான விஷயங்கள் இருக்கின்றன. தூய பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். ஆகவே கலவையில் எத்தனால் கூடக்கூட இன்ஜெக்டர் அதிக எரிபொருளைத் தெளிக்க வேண்டியிருக்கிறது. ஆவியாவதற்கு எத்தனால் பெட்ரோலைவிட அதிக வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, ஈரத்தையும் உறிஞ்சுகிறது. ஆனால் டேங்கில் இருக்கும் பெட்ரோல் ஒன்றேதான் நான்கு சிலிண்டர்களுக்கும் போகிறது. எரிபொருள் கெட்டிருந்தால் நான்கும் சேர்ந்து தடுமாற வேண்டும். ஒன்று மட்டும் விடாப்பிடியாக அடம்பிடிக்காது. இந்த ஒரு வாதமே எங்கள் காரின் விஷயத்தில் பெட்ரோலைச் சந்தேகப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப் போதுமானதாக இருந்தது.

எந்தச் சிலிண்டர் என்பதை அறிய இன்று ஸ்கேனர் பேருதவி செய்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமான ஓபிடி 2 என்ற தன்சோதனை முறை, இந்தியாவில் பிஎஸ் 4 என்ற புகை மாசு விதிகளின் தொடர்ச்சியாக 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் சிறிய புளூடூத் அடாப்டரைச் செருகினால், கைப்பேசியிலேயே தகவலைப் படித்துவிடலாம். காரின் கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கை அறியும் விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. அது சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் பல்சக்கரத்தின் பற்கள் சென்சாரைக் கடக்கும் நேரத்தை அளந்துகொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்தப் பகுதியைக் கடக்க நூலிழை அளவு கூடுதல் நேரம் ஆகும். அந்தத் தாமதம் எந்தச் சிலிண்டரின் முறையில் நிகழ்ந்தது என்று பார்த்து, பி0301 முதல் பி0304 வரையிலான குறியீடுகளில் ஒன்றைப் பதிவு செய்கிறது. எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மாறி மாறி வந்தால் பி0300 என்று பதியும்.

எங்கள் காரில் பி0303 இருந்தது. குறியீட்டைப் படித்தவுடன் அழித்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது பெரிய இழப்பு. குறியீடு பதிவான கணத்தில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கம்ப்யூட்டர் தனியாகச் சேமித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஸ்கேனரில் வரும் அந்தப் பக்கத்தில், கூலன்ட் வெப்பம் 34 டிகிரி, சுற்று வேகம் 1,500-க்குச் சற்று மேல், இன்ஜின் மீதான சுமை அதிகம் என்று இருந்தது. இரவு ஆறிய இன்ஜின், குறைந்த வேகம், அதிக பாரம். அதாவது மேம்பால ஏற்றம். நான் எழுதி வைத்திருந்த குறிப்பும் கம்ப்யூட்டரின் பதிவும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். அது விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைபோக்கிக்குப் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதன் உட்புறப் பீங்கான் கூட்டையே உருக்கும் அளவுக்குச் சூடேற்றுகிறது என்று பொருள். கன்வெர்ட்டரின் விலை இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் பாகங்களின் விலையையும் சேர்த்தாலும் அதைவிடப் பல மடங்கு. மின்னும் விளக்கோடு வண்டியை ஓட்டக் கூடாது. சோதனைகளையும் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டில் ஓடும் இன்ஜின் கார்பன் மோனாக்சைடால் ஆளையே கொன்றுவிடும். ரேடியேட்டர் ஃபேன் முன்னறிவிப்பின்றிச் சுழலக்கூடும் என்பதையும், காயிலில் இருந்து பிளக்குக்குப் போகும் மின்சாரம் 20,000 முதல் 40,000 வோல்ட் வரை இருக்கும் என்பதையும் பானெட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் சிலிண்டர் என்பதைக் கம்ப்யூட்டரின் சொல்லை மட்டும் நம்பி ஏற்காமல், வேறொரு வழியிலும் சரிபார்த்தேன். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு இன்ஜெக்டரின் கனெக்டரை மட்டும் கழற்றி, மீண்டும் ஸ்டார்ட் செய்து, ஓசையைக் கேட்டேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த சிலிண்டரை இப்படி நிறுத்தினால் உதறல் இன்னும் மோசமாகும். ஏற்கெனவே எரியாத சிலிண்டரை நிறுத்தினால் எந்த மாற்றமும் இராது. மூன்றாவதைக் கழற்றியபோதுதான் ஓசை மாறவில்லை. ஓடும் இன்ஜினில் காயிலை உருவி இதையே சோதிப்பவர்கள் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காயிலை உருவினால் இன்ஜெக்டர் தொடர்ந்து பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருக்கும், அது எரியாமல் கன்வெர்ட்டருக்குப் போகும். போக இடமில்லாத உயர் அழுத்த மின்சாரம் காயிலையோ கம்ப்யூட்டரையோ கையையோ தாக்கும்.

இனி ஏன் என்ற கேள்வி. பொறி, எரிபொருள், கம்ப்ரஷன் (பிஸ்டன் தரும் அழுத்தம்) என்ற மூன்றில் ஒன்று அந்தச் சிலிண்டரில் குறைந்திருக்க வேண்டும். எளிதில் எட்டக்கூடியது என்பதால் பொறியில் தொடங்கினேன். மூன்றாம் காயிலின் போல்ட்டைக் கழற்றி மேலே இழுத்தபோது, அதன் அடியில் நீண்டிருக்கும் ரப்பர் பூட் எண்ணெயில் நனைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பிளக் உட்கார்ந்திருக்கும் குழியின் அடியில் இன்ஜின் ஆயில் தேங்கியிருந்தது. மற்ற மூன்று குழிகளில் நான்காவது மட்டும் லேசாகப் பிசுபிசுத்தது. முதல் இரண்டும் உலர்ந்திருந்தன.

இங்கேயே நின்றுவிடுவது எளிது. ஆனால் எண்ணெய் இருப்பது ஒரு செய்தி, அந்த எண்ணெய்தான் மிஸ்ஸிங்கை உண்டாக்குகிறது என்பது வேறொரு செய்தி. எண்ணெய் மின்சாரத்தை எளிதில் கடத்தும் பொருளே அல்ல. குழியில் எண்ணெய் தேங்கியபடியே பல மாதங்கள் சீராக ஓடும் இன்ஜின்கள் உண்டு. எனவே குழிக்குள் எதுவும் விழாதபடி பார்த்துக்கொண்டு, பூட்டைத் துடைத்து, மூன்றாம் காயிலையும் முதலாம் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்தினேன். அன்று இன்ஜின் சூடாகிவிட்டதால் விடை கிடைக்க மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காலைக்கு ஒரு சோதனை என்ற அந்தக் கட்டுப்பாடு முதலில் எரிச்சலூட்டினாலும், அதுவே இந்த வேலையைச் சரியான பாதையில் வைத்தது என்று நினைக்கிறேன். ஒரே நாளில் நான்கு விஷயங்களை மாற்றியிருந்தால், எது பலன் தந்தது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது.

மறுநாள் ஸ்கேனர் காட்டியது நான் எதிர்பார்த்த இரண்டு விடைகளில் எதுவும் இல்லை. காயில் கெட்டிருந்தால் கோளாறு முதலாம் சிலிண்டருக்கு நகர்ந்திருக்க வேண்டும். காயில் நல்லதென்றால் மூன்றாவதிலேயே தங்கியிருக்க வேண்டும். ஆனால் முதலாவதும் மூன்றாவதும் இரண்டுமே மிஸ் அடித்தன. நகரவும் செய்து, தங்கவும் செய்த கோளாறு. இதற்கு நேர்மையான பொருள் ஒன்றுதான்: காயிலோடு நகரக்கூடிய ஒன்றும் பழுதாகியிருக்கிறது, மூன்றாம் சிலிண்டரோடு தங்கும் ஒன்றும் பழுதாகியிருக்கிறது. காயிலோடு நகர்வது பூட். சிலிண்டரோடு தங்குவது பிளக்.

பிளக்கைக் கழற்றுவதற்கு முன் குழியில் இருந்த எண்ணெயை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிளக் வெளியே வரும்போது அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஊசியில்லாத சிரிஞ்சின் முனையில் மெல்லிய குழாயைச் செருகி உறிஞ்சி எடுத்து, மிச்சத்தைத் துணி சுற்றிய குச்சியால் ஒற்றி எடுத்தேன். சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் இன்ஜின் முழுதும் ஆறிய பிறகே பிளக்கைத் திருக வேண்டும். சூட்டில் கழற்றினால் மரை பிய்ந்து வரும் ஆபத்து உண்டு. வெளியே வந்த பிளக்கின் எரிமுனை வெளிர் பழுப்பாக, ஆரோக்கியமாக இருந்தது. காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை சரியாகவே இருந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்றும், எண்ணெய் ஒட்டிக் கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்வு என்றும், வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிக வெப்பம் என்றும் யோசிக்க வேண்டியிருக்கும். பலர் இந்த முனையை மட்டும் பார்த்துவிட்டுப் பிளக் நல்லது என்று திரும்ப மாட்டிவிடுகிறார்கள்.

எங்கள் பிளக்கின் பிரச்சினை மறுபக்கத்தில், வெள்ளைப் பீங்கானில் இருந்தது. மேல்முனையில் இருந்து கீழே உலோக உடல் வரை, பென்சிலால் கீறியதுபோல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. விரலால் தேய்த்தாலும் பிளக் கிளீனரால் துடைத்தாலும் அது போகவில்லை. பூட்டை வெட்டித் திறந்து பார்த்தபோது அதன் உட்சுவரிலும் அதே உயரத்தில், அதே நீளத்தில் ஒரு கோடு எரிந்திருந்தது. ரப்பரும் ஊறிப் பருத்து, இறுக்கம் இழந்திருந்தது. இதைக் கார்பன் டிராக் என்பார்கள். பொறி எரிமுனையில் பாயாமல், பீங்கானின் வெளிப்புறம் வழியாகவே வழுக்கி இன்ஜின் உடலுக்குப் போய்விடுகிறது. பீங்கானின் அடியில் உலோகத்தை ஒட்டிக் காணப்படும் மங்கலான பழுப்பு வளையத்தை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது உயர் அழுத்த மின்புலத்தால் எண்ணெய்த் துகள்கள் ஒட்டிக்கொள்வதால் வருவது, தீங்கற்றது.

இப்போது எல்லா அறிகுறிகளும் ஒரே கதையைச் சொன்னன. வாயுவின் அடர்த்தி கூடக்கூட ஒரு இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்படும் என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-ல் வகுத்த விதி. மேம்பாலத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் நிறையக் காற்று புகுந்து, அழுத்தம் கூடி, எரிமுனையைத் தாண்டுவது பொறிக்குக் கடினமாகிறது. மின்சாரம் எளிதான வழியைத் தேடும். பீங்கான் மீதிருந்த கறுப்புக் கோடு அந்த வழியைத் தந்தது. தளர்ந்த பூட்டின் வழியே இறங்கிய மழைக்கால ஈரம் அந்த வழியை இன்னும் சுலபமாக்கியது. இன்ஜின் சூடேறியதும் குழியின் ஈரம் ஆவியாகி, பொறி மீண்டும் எரிமுனைக்கே திரும்பியது. இந்த விளக்கத்தைச் சோதிக்கவும் வழி இருந்தது. பிளக்கையும் பூட்டையும் கழற்றுவதற்கு முன்பே, மழையில்லாத ஒரு காலையில், செடிகளுக்குத் தெளிக்கும் கைத்தெளிப்பானால் மூன்றாம் காயிலின் கழுத்தைச் சுற்றி மிக லேசாக நீர்ப்புகை தெளித்து ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தேன். மழைநாளின் உதறல் அப்படியே திரும்ப வந்தது.

காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றினாலும் மற்ற இரண்டையும் விலக்காமல் ஸ்பேனரைக் கீழே வைக்க எனக்கு மனமில்லை. இன்ஜெக்டர்களின் மின்தடை நான்கிலும் 12 ஓமுக்குச் சற்று மேல், ஒரே அளவாக இருந்தது. நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டபோது நான்கும் ஒரே மாதிரி டிக் டிக் என்றன. கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, இன்ஜெக்டர் கனெக்டர்களையும் காயில் கனெக்டர்களையும் விலக்கி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பார்த்தேன். வழக்கமாக இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் இதைச் செய்வார்கள். எங்கள் கோளாறு குளிரில் வருவது என்பதால் நான் குளிரில் செய்தேன். நான்கும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12 முதல் 12.8 கிலோ வரை காட்டின. அளவு எவ்வளவு என்பதைவிடச் சிலிண்டர்களுக்கு இடையே வேறுபாடு எவ்வளவு என்பதே இந்தச் சோதனையின் சாரம். 10, 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் குறைந்திருந்தால், அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அந்த நிலைக்கு நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை.

ஸ்கேனரில் ஒரு அளவு மட்டும் தவறான திசையில் கைகாட்டியது. கலவையைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் கூடுதலாகவோ குறைவாகவோ தெளிக்கும் பெட்ரோலின் விகிதத்தை ஃபியூவல் டிரிம் என்கிறார்கள். பொதுவாக அது கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருக்கும். எங்கள் காரில் நீண்டகால டிரிம் கூட்டல் 12 ஆக இருந்தது. பார்த்தவுடன் எங்கோ காற்று கசிகிறது, கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று தோன்றும். ஆனால் எரியாத சிலிண்டரில் இருந்து வெளியேறும் காற்றில் ஆக்சிஜன் அப்படியே மிச்சமிருக்கிறது. புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதை மட்டுமே அளக்கிறது, எரியாத பெட்ரோலை அது அளப்பதில்லை. ஆக்சிஜன் மிகுந்திருக்கிறதே என்று கம்ப்யூட்டர் நான்கு சிலிண்டர்களுக்கும் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. எனவே மிஸ்ஸிங் இருக்கும் வரை டிரிம் அளவைக் கொண்டு காற்றுக் கசிவைத் தீர்மானிக்கக் கூடாது. மேலும் எங்கள் காரைப்போல், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்காமல், காற்று சிலிண்டர்களுக்குப் பிரிந்து போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் எம்ஏபி சென்சார் வகை இன்ஜின்களில், கசிவு இருந்தால் டிரிம் ஏறுவதைவிட ஐட்லிங் வேகமும் மேனிஃபோல்ட் அழுத்தமும் ஏறுவதுதான் முதல் அறிகுறி. இரண்டும் எங்கள் காரில் இயல்பாகவே இருந்தன.

அடுத்த கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது: எண்ணெய் ஏன் குழிக்குள் வந்தது? புதிய பிளக்கும் புதிய காயிலும் மாட்டினால் கார் அன்றே சீராகிவிடும். எண்ணெய் தொடர்ந்து இறங்கினால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் அதே கோளாறு வந்து நிற்கும். காயில் அடிக்கடி போகிறது என்று புலம்புபவர்களின் கார்களில் பலவற்றின் கதை இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பிளக் குழியைச் சுற்றி, இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் அடியில் வளையம் வளையமாக ரப்பர் சீல்கள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கான சூட்டில் அவை இறுகிக் கடினமாகி, நெகிழ்வை இழக்கின்றன. ஆனால் நான்கில் இரண்டு கசிவதற்கு வயது மட்டும் காரணமா, வேறு ஏதேனும் அதை விரைவுபடுத்தியதா என்று பார்க்கப் பிசிவி வால்வைக் கழற்றினேன். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை மீண்டும் மேனிஃபோல்டுக்கு இழுத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு வால்வு அது. கையில் வைத்துக் குலுக்கினால் உள்ளே இருக்கும் ஊசி கலகலக்க வேண்டும். எங்களுடையது கசடு இறுகி, சத்தமே இல்லாமல் இருந்தது. வெளியேற வழியற்ற வாயு இன்ஜினுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெயைப் பலவீனமான சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. வயதும் இந்த அடைப்பும் சேர்ந்தே சீலைக் கெடுத்தன என்று கருதுகிறேன்.

இதன் பிறகே உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். வாங்கியவை டேப்பட் கவர் பேக்கிங், குழி சீல்கள் நான்கு, பிசிவி வால்வு, நான்கு பிளக்குகள், நான்கு ரப்பர் பூட்கள். காயிலின் மின்பகுதி நன்றாகவே இருந்ததால், அதை முழுதாக மாற்றாமல் பூட்டை மட்டும் மாற்றினேன். எல்லாக் காயில்களிலும் பூட் தனியாகக் கிடைக்காது, கிடைத்தால் அது பெரிய மிச்சம். பூட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கோடு விழுந்த பூட் புதிய பிளக்கின் மீதும், கோடு விழுந்த பிளக் புதிய பூட்டின் மீதும் விரைவிலேயே புதிய கோட்டை எரித்துவிடும். காயிலை இடம் மாற்றிய சோதனையில் முதலாம் சிலிண்டரை ஒரு காலைக்கு மேல் ஓட்டாததும் இதனால்தான்.

டேப்பட் கவரைக் கழற்றுவது பொறுமையான வேலை, கடினமான வேலை அல்ல. போல்ட்டுகளை ஓரத்தில் இருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, திரும்ப மாட்டும்போது நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி முறுக்க வேண்டும். பழைய பேக்கிங்கின் எச்சத்தை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழுந்து அங்கேயே கசியும். பிளாஸ்டிக் சுரண்டியும் துணியும் போதும். டைமிங் கவரும் ஹெட்டும் சந்திக்கும் இரண்டு மூலைகளில் மட்டும் சிறிது சிலிக்கான் சீலன்ட் வைத்தேன். இந்தச் சிறிய போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே வழக்கம். கசிகிறதே என்று அதிகம் முறுக்குவதால்தான் பல கவர்கள் வளைந்து, முன்பைவிட அதிகம் கசிகின்றன.

புதிய பிளக்குகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்துவிட்டு, முனையில் ரப்பர் குழாயைச் செருகி, கையாலேயே மரையில் ஏற்றினேன். மரை தவறி ஏறினால் ரப்பர் குழாய் வழுக்கி நின்றுவிடும், ராட்செட்டோ மரையை அறுத்துக்கொண்டு போய்விடும். வாஷர் உள்ள பிளக் உட்கார்ந்த பிறகு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை முறுக்கினால் போதும். 14 மில்லிமீட்டர் மரைக்கு அது 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குச் சமம், அதைவிடச் சிறிய மரைக்குக் காரின் கையேடு சொல்லும் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். பூட்டின் உள்வாயில் மின்சாரம் கடத்தாத டைலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லியதாகத் தடவினேன். வயர்களை மீண்டும் மாட்டும்போது எலி கடித்த தடயம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். எங்கள் தெருவில் மழைக்காலத்தில் சூடான இன்ஜினைத் தேடி எலிகள் வருவது வழக்கம், கடிபட்ட இன்ஜெக்டர் வயரும் இதே உதறலைத்தான் தரும்.

பழுது தீர்ந்ததா என்பதையும் குளிர்ந்த இன்ஜின்தான் சொல்ல வேண்டும். குறியீட்டை அழித்துவிட்டு, மழை பெய்த காலைகளாகப் பார்த்து ஸ்டார்ட் செய்து, நேராக மேம்பாலத்துக்கு ஓட்டிச் சென்று, ஸ்கேனரில் நிலுவைக் குறியீடுகளை, அதாவது இன்னும் உறுதியாகாமல் பதிந்திருப்பவற்றைப் பார்த்தேன். நிலுவையில் எதுவும் சேரவில்லை. நீண்டகால டிரிம் மெல்ல இறங்கிக் கூட்டல் 2-ல் வந்து நின்றது. காற்றுக் கசிவைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை என்பதற்கு அதுவே உறுதி. சில வாரங்கள் கழித்துக் காயில்களை உருவி டார்ச் அடித்தபோது நான்கு குழிகளும் உலர்ந்திருந்தன.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. ஏசி போட்டுச் சிக்னலில் நிற்கும்போது இருக்கையில் ஒரு மெல்லிய அதிர்வு. ஆர்பிஎம் முள் அசையவில்லை, மிஸ்ஸிங் எண்ணிக்கை பூஜ்ஜியம், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு 1,000 சுற்றைத் தாண்டினால் அதிர்வு மறைந்தது. இன்ஜின் சரியாக எரிகிறது, வலப்பக்க மவுன்ட்டின் ரப்பர் பிளந்திருக்கிறது. மவுன்ட்டை மாற்ற இன்ஜினை அடியில் இருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும், அதற்கு என்னிடம் உரிய ஜாக்கியும் தாங்கியும் இல்லை. இந்த அதிர்வு சூடான இன்ஜினிலும் வருவது என்பதால், எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் காரை விட்டு, எந்த மவுன்ட் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அன்று மாலையே மாற்றிக் கொடுத்துவிட்டார்.